கால்பந்தா, பாட்டா, ஆட்டமா, சாப்பாடா: குளிர்பானக் கம்பெனி எதில் பணம் போடுவது?

பெரிய குளிர்பானக் கம்பெனிகள் நான்கையும் ஒரே நேரத்தில் செய்கின்றன. உலகக் கோப்பைக்கு ஸ்பான்சர், பாட்டு நிகழ்ச்சிக்குத் தயாரிப்பாளர், ரீல்ஸில் ஒரு டான்ஸ் ஸ்டெப், பர்கர் கடை மெனுவில் ஓர் இடம். பார்க்கிறவருக்கு எல்லாம் விளம்பரம்தான். கணக்குப் பார்க்கிறவருக்கு இவை நான்கும் நான்கு தனி வியாபாரம். பணம் போகும் வழி வேறு, பலன் வரும் காலம் வேறு, சறுக்கினால் விழும் அடியும் வேறு.

இது கோகோ கோலாவுக்கோ பெப்சிக்கோ எழுதியது அல்ல. நடுத்தர அளவில் ஒரு பிராண்ட் இருக்கிறது, ஆண்டுக்கு ஒன்றில்தான் உருப்படியாகப் பணம் போட முடியும், இன்னொன்றைக் கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம் என்ற நிலையில் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான பிராண்டுகளுக்குச் சாப்பாடு. சிலருக்கு இது தப்பான பதில். அவர்கள் யார் என்பது மற்ற மூன்றையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். அந்த எண்ணை ஏஜென்சியே அழகாகப் போட்டுக் கொடுத்துவிடும். நான் கேட்பது வேறு மூன்று கேள்விகள். அந்த நேரத்தில் வாடிக்கையாளர் கையில் குடிக்க ஏதாவது இருக்கிறதா? நாம் பணம் கொடுப்பதை நிறுத்திய மறுநாள் நமக்கென்று என்ன மிஞ்சும்? நம்மோடு கைகோக்கிறவருக்கு நம் சரக்கு விற்றால் லாபமா, இல்லை நம் காசோலை வந்துவிட்டால் போதுமா? மூன்றாவதைத்தான் பலர் கேட்பதே இல்லை. நான்கு வழிகளையும் பிரித்துக் காட்டுவது அந்தக் கேள்விதான்.

கால்பந்து: பெரிய வாசல், பெரிய வாடகை

கோகோ கோலாவின் விளம்பரம் 1950 முதல் ஒவ்வொரு உலகக் கோப்பை மைதானத்திலும் இருந்து வருகிறது. 1974இல் ஃபிஃபாவோடு முறையான உறவு தொடங்கியது. 1978 முதல் அதிகாரபூர்வ ஸ்பான்சர். நாடுகளின் தரவரிசைப் பட்டியல் வந்தபோது அதன் பெயரிலேயே கம்பெனியின் பெயரும் ஒட்டிக்கொண்டது. 2006 முதல் உலகக் கோப்பையை நாடு நாடாக எடுத்துச் சென்று மக்களுக்குக் காட்டும் பயணத்தையும் அவர்களே நடத்துகிறார்கள். ஒரு பானத்தின் பெயர் ஒரு விளையாட்டோடு இந்த அளவு ஒட்டுவதற்கு அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது. மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டுவிட்டு இதே பலனை எதிர்பார்க்கும் மேலாளர்கள் இந்தத் தேதிகளை மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

கவர்ச்சி குறைந்தபாடில்லை. 2026 உலகக் கோப்பையில் 48 அணிகள், 104 ஆட்டங்கள். ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை உலகின் கண் அங்கேதான். ஆனால் அந்த வாசலில் குளிர்பானம் என்ற வகைக்கு ஒரே ஒரு நாற்காலி. அதில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் கோப்பையின் படத்தையோ போட்டியின் சின்னத்தையோ பெயரையோ தொடக் கூடாது.

உள்ளே போக முடியாதவர்கள் ஓரமாக நின்று காரியம் சாதித்த கதையும் உண்டு. 2002 உலகக் கோப்பை ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்தது, ஸ்பான்சர் கோகோ கோலா. பெப்சி என்ன செய்தது? பெக்கம், ராபர்ட்டோ கார்லோஸ் போன்றவர்களைக் கூட்டிவந்து சுமோ மல்லர்களோடு கால்பந்து ஆடவிட்டு ஒரு விளம்பரம் எடுத்தது. உலகக் கோப்பை என்ற பேச்சே அதில் இல்லை. ஆட்டக்காரரும் சுமோ மல்லரும் சேர்ந்தால் பார்க்கிறவர் மனத்தில் மீதி தானாக நிரம்பிவிடுகிறது. போட்டியை வாங்காமல் ஆட்டக்காரரை மட்டும் வாங்கும் இந்தத் தந்திரத்தை பெப்சி பல ஆண்டுகள் நன்றாகவே நடத்தியது. கடைசியில் என்ன ஆயிற்று? 2015இல் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்குக்கு அவர்களே அதிகாரபூர்வ ஸ்பான்சர் ஆனார்கள். வெளியே நின்று சாமர்த்தியம் காட்டியவருக்கும் ஒரு கட்டத்தில் உள்ளே ஒரு நாற்காலி தேவைப்பட்டிருக்கிறது.

சின்னக் கம்பெனி இந்தத் தந்திரத்தைக் காப்பியடிப்பதில் ஆபத்தும் இருக்கிறது. 2010இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு பீர் கம்பெனியின் விளம்பரம் என்று சொல்லி, ஒரே மாதிரி ஆரஞ்சு உடை அணிந்து வந்த 36 பெண்களை மைதானத்திலிருந்து வெளியேற்றினார்கள். இருவர் கைதும் ஆனார்கள். பிறகு வழக்கு கைவிடப்பட்டது, அந்த பீரின் பெயர் உலகம் முழுக்கப் பரவியதும் உண்மைதான். ஆனாலும் சட்டச் செலவைத் தாங்கும் இடுப்பு இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

இன்னொரு வழி, கிளப்பையே வாங்கிவிடுவது. எனர்ஜி டிரிங்க் விற்கும் ரெட் புல் 2005இல் சால்ஸ்பர்க்கையும் 2006இல் நியூயார்க் அணியையும் வாங்கி, 2009இல் லைப்சிக்கில் ஓர் அணியை உருவாக்கியது. ஜெர்மன் விதிப்படி கிளப் பெயரில் கம்பெனி பெயர் வரக் கூடாது. அதனால் ஆர், பி என்ற எழுத்துகள் வரும்படி ராசன்பால்ஷ்போர்ட் என்று ஒரு பெயரை உண்டாக்கினார்கள். அணி 2016இல் முதல் டிவிஷனுக்கு ஏறியது. அதே ஆண்டு ஒரு கோப்பை ஆட்டத்தில் எதிரணி ரசிகர்கள் வெட்டிய காளைத் தலையை மைதான ஓரத்தில் வீசினார்கள். கால்பந்து ரசிகனின் பாசத்துக்கு விலை போட முடியாது என்பார்கள். அவனுடைய வெறுப்பு இலவசமாகவே கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கிளப்பின் ஜெர்சியில் உங்கள் பெயர் ஏறினால் எதிர்க் கிளப்பின் ரசிகர் உங்கள் பானத்தைக் கையால் தொடமாட்டார் என்பது சின்ன ஊர் லீகிலும் நடப்பதுதான். பணம் போட்டால் லீகுக்குப் போடுங்கள், இல்லையேல் இரண்டு பரம எதிரிகளுக்கும் சேர்த்துப் போடுங்கள்.

ரொனால்டோ விவகாரத்தைச் சொல்லாமல் கால்பந்தை முடிக்க முடியாது. 2021 ஜூன் 14 அன்று யூரோ போட்டியின் பத்திரிகையாளர் சந்திப்பில், முன்னால் வைத்திருந்த இரண்டு கோகோ கோலா பாட்டில்களை அவர் ஓரமாக நகர்த்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். இதனால் கம்பெனியின் பங்கு மதிப்பு 400 கோடி டாலர் சரிந்ததாகத் தலைப்புகள் ஓடின. அன்றுதான் அந்தப் பங்குக்கு டிவிடெண்ட் கழிந்த நாள், அதாவது அன்று முதல் பங்கை வாங்குகிறவருக்கு அந்தத் தவணை லாபப் பங்கு கிடைக்காது. அந்த நாளில் விலை இறங்குவது வழக்கம்தான். ஆகவே அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். ஆனால் உள்ளே ஓர் உண்மை இருக்கிறது. ஸ்பான்சர் பணம் போட்டியை நடத்துகிறவருக்குப் போகிறது, ஆட்டக்காரருக்கு அல்ல. அவருடைய உடம்பே அவருடைய தொழில். சர்க்கரைப் பானம் பக்கத்தில் இருப்பது அவருக்குப் பிடிக்காவிட்டால் உங்கள் ஒப்பந்தத்தால் அவரைச் சிரிக்கவைக்க முடியாது.

மூன்று கேள்விகளுக்கு வருவோம். ஆட்டம் பார்க்கும்போது கையில் குடிக்க ஏதாவது இருக்குமா? இருக்கும். மைதானத்திலும் இருக்கும், வீட்டு டிவி முன்னாலும் இருக்கும். அந்த வகையில் கால்பந்து நல்ல இடம். பணத்தை நிறுத்தினால் என்ன மிஞ்சும்? பலகையில் அடுத்த கம்பெனியின் பெயர் வந்துவிடும், சில பழைய நினைவுகள் மட்டும் மிஞ்சும். நம் பானம் விற்றால் லீகுக்கு லாபமா? பெரும்பாலும் இல்லை. அவர்களுக்கு ஆண்டுத் தொகை வந்தால் சரி. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மைதானத்தில் பெயர் போடும் உரிமையும் மைதானத்துக்குள் விற்கும் உரிமையும் பல இடங்களில் தனித்தனி ஒப்பந்தங்கள். பெயர் உங்களுடையதாக இருக்கும், உள்ளே ஸ்டாலில் விற்பது போட்டிக் கம்பெனியின் பானமாக இருக்கும். சின்ன லீகோடு பேசும்போது இரண்டாவது உரிமையை முதலில் கேளுங்கள். அது கிடைத்தால் பலகை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இதற்கு மேல் ஒரு செலவும் வரும்: ஸ்பான்சர் தொகைக்கு ஈடாக இன்னொரு தொகை, அதை ஊருக்குச் சொல்ல. அதை ஒதுக்காதவர்கள் பலகைக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பாட்டு: வாடகைக்கு எடுப்பதும் சொந்தமாகக் கட்டுவதும்

இசையில் இரண்டு பாதைகள் உண்டு. இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுப் பேசுவதால்தான் குழப்பம்.

முதல் பாதை நட்சத்திரம். பெப்சி மைக்கேல் ஜாக்சனோடு போட்ட 50 லட்சம் டாலர் ஒப்பந்தம் அந்தக் காலத்தில் வாயைப் பிளக்கவைத்த தொகை. 1984 ஜனவரி 27 அன்று அந்த விளம்பரப் படப்பிடிப்பில் வாணவேடிக்கை தவறி அவர் தலைமுடியில் தீப்பிடித்தது. 1989இல் மடோனாவுக்கும் அதே 50 லட்சம். விளம்பரம் வந்த கையோடு அதே பாட்டுக்கு அவர் தனியாக எடுத்த வீடியோ மத அமைப்புகளின் கோபத்தைக் கிளப்பியது. கம்பெனி விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது, பணம் அவரிடமே தங்கிவிட்டது. இரண்டிலும் கம்பெனியின் கையில் கடிவாளம் இல்லை. நட்சத்திரத்தின் புகழ் உங்கள் பக்கம் வரும் என்று வாங்கினால் அவருடைய வம்பும் கூடவே வரும். மேடையை வாடகைக்கு எடுப்பதும் ஏறக்குறைய இதே கதைதான். அமெரிக்க ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளைக் கச்சேரிக்கு 2013 முதல் 2022 வரை பெப்சியின் பெயர் இருந்தது. 2023இல் அந்த இடத்துக்கு ஆப்பிள் மியூசிக் வந்தது. மேடை அதேதான், பெயர்ப்பலகை மட்டும் மாறியது.

இரண்டாவது பாதை, பாட்டைத் தயாரிப்பவராக நீங்களே மாறுவது. கோகோ கோலா தயாரிக்கும் கோக் ஸ்டூடியோ என்ற இசைத் தொடரின் வேர் 2007இல் பிரேசிலில் நடந்த ஒரு நிகழ்ச்சி. அதைப் பெரிதாக்கியது பாகிஸ்தான். 2008இல் ரொஹைல் ஹயாத் என்ற இசைத் தயாரிப்பாளர் கையில் அங்கே தொடங்கியது. கவ்வாலிப் பாடகரும் ராக் கிட்டாரிஸ்டும் ஒரே அறையில் உட்கார்ந்து நேரடியாக வாசித்தார்கள். பாட்டின் வரிகளில் பானத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அரங்கத்தின் சிவப்பும் பெயரும் மட்டும் கம்பெனியுடையவை. 2022இல் அலி சேத்தியும் ஷே கில்லும் அங்கே பாடிய பாட்டு எல்லை தாண்டி இந்தியாவிலும் கல்யாண வீடுகள் வரை வந்தது. இன்று அந்தத் தொடரை நிறுத்தினாலும் பழைய பாடல்களை ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் தேடிக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் பார்த்தவரை, பணத்தை நிறுத்திய பிறகும் மிஞ்சும் சொத்து என்று சொல்லத்தக்கது இந்த நான்கில் இது ஒன்றுதான்.

ஆனால் ஒரு சந்தையில் பிடித்தது அடுத்த சந்தையில் பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் 2011இல் இதே பெயரில் தொடங்கிய நிகழ்ச்சியில் நல்ல பாடல்கள் வந்தன. ஆனால் பாகிஸ்தானில் கிடைத்த அந்தப் பிடிமானம் வரவில்லை. காரணம் பெரிய ரகசியம் அல்ல என்று நினைக்கிறேன். திரைப்பாட்டு கோலோச்சும் இடத்தில் சுயேச்சை இசைக்கு இருந்த பசி குறைவு. பாகிஸ்தானில் அந்தப் பசி இருந்தது. பெப்சியும் அங்கே 2002இல் இசைக்குழுக்களுக்குப் போட்டி நடத்தியது, 2017இல் அதை மறுபடி உயிர்ப்பித்தது. பசி இருக்கும் இடத்தில் இருவருக்கும் இலை போட இடம் கிடைத்தது.

நடுத்தர பிராண்டுக்கு இதில் ஒரு கண்ணி உண்டு. பாட்டுக்கு எல்லை இல்லை. நீங்கள் சரக்கு அனுப்பாத நாட்டில் ஒரு கோடிப் பேர் கேட்டால் மகிழ்ச்சிதான், ஆனால் அவர்களில் ஒருவராலும் உங்கள் பாட்டிலை வாங்க முடியாது. உலகம் முழுக்க விற்பவருக்கு அது பிரச்சினை இல்லை. மூன்று மாவட்டங்களில் விற்பவருக்கு அது வெறும் கைதட்டல். ஆகவே உங்கள் சரக்கு போகும் எல்லைக்குள்ளேயே நிற்கிற இசை எது என்று பாருங்கள். ஒரு பேச்சுவழக்கு, ஒரு வட்டாரத் தாளம், கல்லூரிகளில் சுற்றும் குழுக்கள். பெரிய பாடகரைவிட அவை உங்களுக்குப் பயன்படும்.

ஒரு நட்சத்திரத்தைவிட ஓர் இசைவகையைப் பிடித்துக்கொண்டவர்கள் நீண்ட காலம் நின்றிருக்கிறார்கள். ஸ்ப்ரைட் 1986இலேயே குர்ட்டிஸ் ப்ளோ என்ற ராப் பாடகரை விளம்பரத்துக்கு அழைத்தது. அன்று ராப் பெரிய கம்பெனிகள் தொடத் தயங்கிய இசை. பாடகர்கள் மாறினார்கள், ஹிப் ஹாப்போடு இருந்த உறவு மாறவில்லை. யாரும் மதிக்காத காலத்தில் கூட இருந்தவன் என்ற பெயரைப் பின்னால் எவ்வளவு கொடுத்தாலும் வாங்க முடியாது.

இசையின் பலவீனம் கைதான். பாட்டு கேட்கிறவர் பஸ்ஸில் நிற்கலாம், பாத்திரம் தேய்க்கலாம், தூங்கப் போகலாம். கச்சேரி அரங்கத்தைத் தவிர எங்கும் பானம் பக்கத்தில் இல்லை. கேட்ட பாட்டுக்கும் வாங்கிய பாட்டிலுக்கும் நடுவில் சில நாள் இடைவெளி, அந்த இடைவெளியில் கடைக்காரரின் ஃப்ரிட்ஜில் எது குளிர்ந்திருக்கிறதோ அது ஜெயிக்கும்.

ஆட்டம்

நான்கில் மலிவாகத் தெரிவது இதுதான். பதினைந்து வினாடிக்கு ஒரு ஸ்டெப், சில இன்ஃப்ளுயென்சர்கள், ஒரு ஹேஷ்டேக். இரண்டு வாரத்தில் ஆயிரக்கணக்கில் வீடியோ. மூன்றாவது வாரம் இன்னொரு ஸ்டெப் வந்துவிடும், உங்களுடையது யாருடையது என்று ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

மலிவு என்பதும் பாதி உண்மை. ரீல்ஸில் தனி ஆள் ஒரு ஹிட் பாட்டுக்கு ஆடலாம். கம்பெனி தன் கணக்கில் அதைப் போட்டால் அது வணிகப் பயன்பாடு, உரிமை வாங்க வேண்டும். டிக்டாக் 2020இலேயே வணிகக் கணக்குகளுக்குத் தனிப் பாட்டு நூலகத்தைக் கொடுத்து, மற்றப் பாடல்களைப் பூட்டிவிட்டது. பேங் என்ற எனர்ஜி டிரிங்க் கம்பெனி அனுமதி இல்லாமல் பாடல்களைப் போட்டு வீடியோ வெளியிட்டதற்காக யுனிவர்சல் மியூசிக் என்ற இசைக் கம்பெனி வழக்குப் போட்டது. 2022இல் அமெரிக்க நீதிமன்றம் அது பதிப்புரிமை மீறல்தான் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சோனி மியூசிக் போட்ட வழக்கிலும் அவர்களுக்கு அடி விழுந்தது. குளிர்பானத் துறையில் சோஷியல் மீடியா பார்ப்பவர் ஒவ்வொருவரும் இந்த இரண்டு வழக்குகளையும் படித்திருக்க வேண்டும்.

ஸ்டெப் அமைத்தவர் யார் என்ற கேள்வியும் இப்போது பெரிதாகிவிட்டது. தாங்கள் அமைத்த ஆட்டத்தில் பெயரும் பணமும் வேறு யாருக்கோ போகிறது என்று 2021இல் அமெரிக்கக் கறுப்பின நடனக் கலைஞர்கள் டிக்டாக்கில் புது ஸ்டெப் போடமாட்டோம் என்று ஒதுங்கினார்கள். டான்ஸ் மாஸ்டருக்குப் பணம் கொடுங்கள், பெயரையும் போடுங்கள். இரண்டுமே பெரிய செலவு இல்லை.

நடனத்தில் சொத்து சேர்த்தவர் இல்லையா என்றால் இருக்கிறார். மறுபடியும் ரெட் புல்தான். 2004இல் தொடங்கிய பிசி ஒன் என்ற பிரேக்கிங் (பிரேக் டான்ஸ்) போட்டி அந்தக் கலையின் பெரிய மேடைகளில் ஒன்றாகிவிட்டது. பிரேக்கிங் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது, 2028 லாஸ் ஏஞ்சலஸில் இல்லை. ஒலிம்பிக் வந்து போனாலும் பிசி ஒன் நடக்கிறது. ரெட் புல்லே நடத்தும் இன்னொரு நடனப் போட்டியில் என்ன பாட்டு வரும் என்று ஆடுகிறவருக்கே தெரியாது, வெற்றியைக் கூட்டமே முடிவு செய்கிறது. இதெல்லாம் இருபது ஆண்டுப் பொறுமை. ஹேஷ்டேக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

சர்க்கரையும் காஸும் உள்ள பானத்துக்கு ஆட்டம் பொருந்துமா என்பதிலேயே எனக்குச் சந்தேகம். ஆடி முடித்து வேர்த்து நிற்கிறவர் தேடுவது தண்ணீர். காஸ் அடைத்த பானத்தை மடக்மடக்கென்று குடித்துவிட்டு அடுத்த சுற்று ஆடிப் பாருங்கள், ஏப்பம்தான் தாளம் போடும். அதோடு இந்த வீடியோக்களைப் பார்ப்பதில் சிறுவர்கள் அதிகம். 13 வயதுக்குக் குறைந்தவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதில்லை என்று பெரிய கம்பெனிகளே கொள்கை வைத்திருக்கின்றன. 330 மில்லி கோலா டின்னில் சுமார் 35 கிராம் சர்க்கரை. பெரியவர் ஒருவருக்கே ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பத்து வயதுக் குழந்தை உங்கள் ஸ்டெப்பை ஆடி வீடியோ போடும்போது அது உங்களுக்கு வெற்றியா வில்லங்கமா என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது.

சாப்பாடு: பளபளப்பு இல்லாத வியாபாரம்

இதில் மேடை கிடையாது, விளக்கு கிடையாது, கோப்பையோடு படம் எடுத்துக்கொள்ள முடியாது. விளம்பரப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது பிடிக்காமல் போவதற்கு அதுவே பாதிக் காரணம் என்று சந்தேகிக்கிறேன். ஆனால் மூன்றாவது கேள்விக்கு ஆம் என்ற பதில் இங்கேதான் கிடைக்கிறது. நம் பானம் விற்றால் உணவகக்காரருக்கும் லாபம்.

சமையலுக்குச் சரக்கு, ஆள், காஸ் அடுப்பு, வீணாகும் மிச்சம் என்று பல செலவுகள் உண்டு. சிரப்பும் தண்ணீரும் காஸும் கலந்து மெஷினிலிருந்து ஊற்றும் பானத்தில் அவருக்குச் செலவு கொஞ்சம்தான். தட்டில் கிடைக்காத லாபம் டம்ளரில் கிடைக்கும். அதனால் குடிக்க என்ன வேண்டும் என்று சர்வர் தானாகவே கேட்கிறார். அந்தக் கேள்விக்கு நீங்கள் விளம்பரச் செலவு செய்யவில்லை. கால்பந்து லீகின் தலைவர் உங்களுக்காக ஒரு நாளும் அப்படிக் கேட்கமாட்டார்.

மெக்டொனால்ட்ஸும் கோகோ கோலாவும் 1955 முதல் சேர்ந்தே இருக்கின்றன. அங்கே பல கிளைகளுக்கு சிரப்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டிகளில் போகிறது. இது விளம்பரம் இல்லை, குழாய் வேலை. ஆனால் எழுபது ஆண்டு உறவை எந்தப் பாட்டைவிடவும் அந்தத் தொட்டி நன்றாகக் காப்பாற்றியிருக்கிறது.

பெப்சிகோ வேறு வழியில் போனது. 1977இல் பீட்சா ஹட், 1978இல் டாகோ பெல், 1986இல் கேஎஃப்சி என்று உணவகங்களையே வாங்கியது. தன் கடையில் தன் பானம். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் மற்ற உணவகக்காரர்கள், என் போட்டியாளனிடம் நான் ஏன் பானம் வாங்க வேண்டும் என்று யோசித்தார்கள். கோகோ கோலாவின் விற்பனையாளர்களும் அந்த யோசனையைத் தூண்டிவிடத் தவறவில்லை. 1997இல் பெப்சிகோ உணவகங்களைத் தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டது. பானத் தொடர்பு மட்டும் நீடித்தது. உணவகத்தோடு உறவு வைத்துக்கொள்ளலாம், உணவகமாகவே மாறிவிடக் கூடாது.

இந்த உறவில் என்னைக் கவர்ந்த உதாரணம் டாகோ பெல்லுக்காகவே 2004இல் உருவாக்கிய மவுண்டன் டியூவின் பாஹா ப்ளாஸ்ட். அந்தக் கடையில் மட்டும் கிடைக்கும் ஒரு சுவை. பத்து ஆண்டுகள் கழித்துத்தான் பாட்டிலில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்பினார்கள். அதற்குள் அந்தச் சாப்பாட்டை நினைத்தாலே அந்தப் பச்சைநீல நிறமும் நினைவுக்கு வரும் நிலை. நடுத்தர பிராண்டுக்கு இது கைக்கு எட்டும் வேலை. இருபது கடைகள் உள்ள ஓர் உணவகக் குழுமத்துக்கு ஒரு தனிச் சுவை செய்து கொடுக்க உலக அளவு கம்பெனி மெனக்கெடாது. உங்களால் முடியும்.

இன்னும் பெரிய உதாரணம் பெருவின் இன்கா கோலா. 1935இல் லிமாவில் பிறந்த மஞ்சள் நிறப் பானம். தன்னை அந்த நாட்டுச் சாப்பாட்டோடு, அங்கே வேரூன்றிய சீனச் சாப்பாடு உள்பட, சேர்த்தே விற்றது. எதோடும் ஒத்துப்போகும் என்பதுதான் அதன் பேச்சு. சொந்த நாட்டில் கோகோ கோலாவால் அதை வெல்ல முடியவில்லை, 1999இல் அதில் பங்கு வாங்கிக் கூட்டாளியாகத்தான் முடிந்தது. பெரு நாட்டு மெக்டொனால்ட்ஸிலும் இன்கா கோலா கிடைக்கிறது. உலகின் மிகப் பெரிய குளிர்பானக் கம்பெனியை ஒரு நாட்டின் சாப்பாட்டு மேசையில் தடுத்து நிறுத்திய பானம் என்று இதைச் சொல்லலாம்.

நாக்கிலும் நியாயம் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு நிறைந்த சாப்பாட்டுக்குப் பிறகு புளிப்பும் காஸும் உள்ள குளிர்ந்த பானம் வாயைக் கழுவிவிட்டதுபோல ஆக்குகிறது. காரத்துக்குச் சர்க்கரையும் குளிர்ச்சியும் கொஞ்சம் உதவும், காஸ் உதவாது. ஆகவே எந்தச் சாப்பாட்டோடு சேர்கிறீர்கள் என்பதை விளம்பரப் பிரிவு தீர்மானிக்கக் கூடாது. பத்துப் பேரை உட்காரவைத்து, பெயரை மறைத்து, சாப்பிட்டுக் குடித்துப் பார்க்கச் சொல்லித் தீர்மானியுங்கள்.

சாப்பாட்டின் ஆபத்து என்னவென்றால், கதவு ஒரே நாளில் மூடும். சப்வே என்ற சாண்ட்விச் கடைக் குழுமம் அமெரிக்காவில் சுமார் இருபதாயிரம் கடைகள் வைத்திருக்கிறது. பல ஆண்டுகள் அங்கே கோகோ கோலா. 2024இல் பத்து ஆண்டு ஒப்பந்தம் பெப்சிக்குப் போனது, 2025இல் மாற்றம் தொடங்கியது. ஒரு கையெழுத்தில் இருபதாயிரம் இடங்கள் போய்விட்டன. கால்பந்திலோ பாட்டிலோ ஸ்பான்சர் போனால் பலகைதான் போகும், இங்கே விற்பனையே போகும். எனவே ஒரே குழுமத்தை நம்பி உட்காராமல் நடுத்தர, சிறிய உணவகங்களாகப் பலவற்றைப் பிடிப்பதே பாதுகாப்பு. உழைப்பு அதிகம், தூக்கம் நிம்மதி.

பூட்டிய கதவுக்கு வெளியேயும் ஒரு வழி உண்டு. 2021இல் பெப்சி, தன் பானம் விற்காத பெரிய பர்கர் கடைகளின் பொட்டலத் தாள்களைக் கசக்கி மடித்து, அந்த மடிப்பில் தன் வட்டச் சின்னம் தெரியும்படி படங்கள் எடுத்து வெளியிட்டது. உள்ளே விற்க முடியாவிட்டாலும் இந்தச் சாப்பாட்டுக்கு நான்தான் பொருத்தம் என்று சொன்னது. சுமோ விளம்பரத்தின் அதே மூளைதான், செலவு மட்டும் பல மடங்கு குறைவு.

அப்படியானால் யாருக்கு எது?

புதிய பிராண்ட், சரக்கு போகும் எல்லை சிறியது, பெயர் தெரிந்தவர் குறைவு: சாப்பாடு, வேறு யோசனையே வேண்டாம். பெயர் தெரியாத பானத்தை ஒருவர் முதன்முதலாக வாங்கிப் பார்க்கும் இடம், ஏற்கெனவே தான் நம்பும் உணவகத்தின் மேசை. அங்கே காம்போவில் வந்தால் குடித்துப் பார்ப்பார்.

எல்லோருக்கும் பெயர் தெரியும், ஆனால் அப்பா காலத்துப் பானம் என்று இளைஞர்கள் ஒதுக்குகிறார்கள்: இங்கேதான் சாப்பாடு தப்பான பதில். கடையில் இருக்கிறது, மெனுவில் இருக்கிறது, கேட்பதற்குத்தான் ஆளில்லை. இவர்களுக்கு இசை, அதுவும் தயாரிப்பாளர் பாதை. ஐந்து ஆண்டுப் பொறுமை இல்லாவிட்டால் தொடங்கவே வேண்டாம். ஆட்டத்தை அந்தப் பாடல்களோடு சேர்த்துக்கொள்ளலாம். உங்களுக்கே சொந்தமான பாட்டு என்றால் ரீல்ஸ் உரிமைத் தலைவலியும் பாதி தீர்ந்தது. நடனத்துக்குத் தனி பட்ஜெட் போடுவதைவிட இசையின் வாலாக அதை வைத்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

சர்க்கரை இல்லாத வகையையோ தண்ணீர், எலுமிச்சை வகையையோ முன்னால் தள்ள நினைப்பவர்களுக்கு மட்டும் நடனத்தை முதலாவதாகச் சொல்வேன். அங்கே உடம்பும் பானமும் முரண்படவில்லை.

கால்பந்து யாருக்கு? நாடு முழுக்கக் கடைகளில் ஏற்கெனவே சரக்கு இருக்கிறது, ஒரு பருவத்தின் விற்பனையை இரண்டு மாதத்தில் தூக்க வேண்டும், தோற்றாலும் கம்பெனி கவிழாது என்பவர்களுக்கு. கடையில் சரக்கு இல்லாமல் கால்பந்தில் விளம்பரம் செய்தால், தாகம் எடுத்தவர் கடைக்குப் போய்ப் பக்கத்துக் கம்பெனியின் பானத்தை வாங்கிக்கொண்டு வருவார். 2010 உலகக் கோப்பையில் கோகோ கோலா கே'நான் என்ற பாடகரின் பாட்டைப் பல மொழிகளில் உள்ளூர்ப் பாடகர்களோடு வெளியிட்டு, கால்பந்தையும் இசையையும் ஒன்றாக்கியது. அருமையான வேலைதான். ஆனால் அதற்குப் பின்னால் நாடு நாடாகக் குளிர்ந்து நின்ற ஃப்ரிட்ஜ்களை மறந்துவிட்டுப் பாட்டை மட்டும் பின்பற்றுகிறவர்கள்தான் அதிகம்.

சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் முழுத் தொகையையும் உடனே இறக்க வேண்டியதில்லை. ஒரே மாதிரியான அறுபது உணவகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பதில் காம்போ, மேசை அட்டை, சர்வருக்கு ஒரு பாட்டிலுக்கு இவ்வளவு என்று சின்ன ஊக்கத்தொகை. மீதி முப்பதில் ஒன்றும் செய்யாதீர்கள், சரக்கு மட்டும் அனுப்புங்கள். எட்டு வாரம் கழித்துப் பெட்டிக் கணக்கைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விற்றிருந்தால் காம்போவை நிறுத்திவிட்டுச் சுவையையோ சேர்ந்த சாப்பாட்டையோ மாற்றிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் ஒப்பந்தத்தை நீட்டும்போது இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: கடைவாரியாக வாராந்திர விற்பனைக் கணக்கு உங்களுக்கு வர வேண்டும், ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிப்பார்களா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும்.